வெவரமான பிள்ளை

1

போன வாரம் அண்ணன் ஊரிலிருந்து போன் செய்தார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். சின்னமனூர்ப் பக்கம். வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என்ன கேட்டார்கள் என்றேன்.

"பிள்ளை எப்படின்னு கேட்டாக. வெவரம் பத்தாது, சொன்னதச் செய்யும்னேன். அதுலயே அவுகளுக்குத் திருப்தி."

அண்ணன் மகள் கல்லூரியில் கணக்குப் படித்தவள். தேனிக்குத் தனியாக பஸ் ஏறிப் போய் வந்தவள். அவளுக்கு வெவரம் பத்தாது என்பது பொய். அது இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் அதைச் சொல்ல வேண்டும், பையனைப் பெற்றவர் அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான்.

பிறகு அண்ணன் என் மகளைப் பற்றிக் கேட்டார். "ஒன் மக எப்படித்தா? வெவரமா, இல்ல நம்ம பிள்ளைக மாதிரியா?"

நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

"மாப்பிள்ளை?"

"லோடுக்குப் போயிருக்காக."

ஐந்து வருடமாக இதே பதில்தான். அண்ணனும் அதற்கு மேல் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டேன். ஆனால் மகளைப் பற்றிக் கேட்டது மனதில் நின்றுகொண்டது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அதை வெவரம் என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். மலேசியா வந்து பதிமூன்று வருடம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வெவரம் வேறு, கெட்டிக்காரத்தனம் வேறு. கெட்டிக்காரன் பாடுபடுவது ஊருக்குத் தெரியும். வெவரமானவன் என்ன செய்தான் என்றே தெரியாது. காரியம் முடிந்திருக்கும். அது திருட்டில் சேராது. ஏமாற்று என்று சொல்லப் போனால் அதற்கும் சாட்சி கிடைக்காது. நினைத்துப் பார்த்தால் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வரும். அதுதான் வெவரம்.

ஓடைப்பட்டியில் ஒருவர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். வியாபாரி காய் பார்க்க வரும் நாளில், பந்தலுக்கடியில் ஒரு துண்டு கிடக்கும். நல்ல துண்டு, கரை போட்டது. வியாபாரி யார் துண்டு என்று கேட்பார். இவர் அதை எடுத்து உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "யாரு விட்டுட்டுப் போனாகளோ" என்பார். அவ்வளவுதான். தனக்கு முன்னால் வேறு வியாபாரி வந்துவிட்டான் என்று வந்த வியாபாரி நினைத்துக்கொள்வார். அன்றைக்கே பேசி முடித்துவிடுவார். துண்டு தோட்டக்காரருடையது. அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

அவரை வெவரமான ஆளு என்பார்கள். அவர் வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி இருந்தது.

இதே சொல்லைப் பெண்பிள்ளைக்குச் சொன்னால் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதிலும் "கொஞ்சம்" என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் மோசம். "பிள்ளை கொஞ்சம் வெவரம்" என்றால் நிறைய வெவரம் என்று அர்த்தம்.

ஊரை விட்டுப் போகிறவர்களிடம் மட்டும் ஆண் பெண் பார்க்கமாட்டார்கள். பஸ் கிளம்பும்போது எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "வெவரமா இருந்துக்க."

நான் இருப்பது ஈப்போ பக்கம் ஒரு சின்ன டவுன். இங்கே தமிழர் நிறைய. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு விவரம் என்றால் தகவல். விவரம் கேளுங்கள், விவரம் எழுதுங்கள் என்பார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா என் மாவுச் சட்டியை ஒரு மாதம் திருப்பித் தராமல் வைத்திருந்தார். கேட்டதற்கு, சட்டி நிறைய முருங்கைக்கீரையை வைத்துக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொண்டார். "நீங்க வெவரமான ஆளுக்கா" என்றேன். அக்காவுக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம். எல்லோரிடமும் சொன்னார். நான் மறுபடி யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. குத்த வேண்டிய சொல் குத்தாமல் போனால், அதைச் சொல்லி என்ன?

3

எங்கள் வயல் மார்க்கையன்கோட்டைப் பக்கம். ஒரு ஏக்கருக்குக் குறைவு. பெரியப்பா வயல் மேலே, எங்கள் வயல் கீழே. வாய்க்கால் தண்ணீர் அவர் வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிவிட்ட வாய் வழியாக எங்கள் வயலுக்கு இறங்க வேண்டும். அந்த வாயை வாமடை என்போம். ஒரு கூடை மண் போட்டால் அடைபட்டுவிடும். பெரியப்பா அடைத்துவிடுவார்.

அய்யா போய்க் கேட்கமாட்டார். "அண்ணன் விடுவாக" என்பார். அண்ணன் விட்ட பாடில்லை.

எனக்குப் பதினெட்டு வயது. கதிர் பால் பிடிக்கிற சமயம். அப்போது காய்ந்தால் எல்லாம் பதராகும். நான் களை பறிக்கிற சாக்கில் வரப்போரம் உட்கார்ந்து, மூங்கில் கம்பால் வரப்பின் அடியில் ஒரு துளை குடைந்தேன். அந்தப் பக்கம் புல் மறைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் துளையைச் சுற்றி மண்ணைச் சிறு சிறு உருண்டையாக உருட்டி வைத்தேன். நண்டு வளை தோண்டினால் மண்ணை அப்படித்தான் உருண்டையாக வெளியே தள்ளும். ஒரு நண்டையும் பிடித்து உள்ளே விட்டேன்.

மறுநாள் எங்கள் வயலில் கணுக்கால் தண்ணீர்.

பெரியப்பா வந்து பார்த்தார். நண்டு வளை என்று நினைத்துக் கையை விட்டார். நண்டு கடித்தது. நண்டைத் திட்டிக்கொண்டே சேற்றை வைத்து அடைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் இன்னொரு வளை. இப்படி நாலு வளை. பூ என்றால் போகம். அந்தப் பூவில் எங்களுக்கு நல்ல வெள்ளாமை.

ஐந்தாவது வளையில் அகப்பட்டுக்கொண்டேன். வெயில் கடுமையாக அடித்து மண் உருண்டைகள் கல் மாதிரி காய்ந்துவிட்டன. பெரியப்பா ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஏழெட்டு உருண்டையைத் துண்டில் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அய்யா முன்னால் கொட்டினார்.

"நல்லாப் பாரு தம்பி. நண்டுக்கு ஏதுடா கைரேகை?"

அய்யா உருண்டையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். பெரியப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றையிலிருந்து வாமடையை அவரே வந்து திறந்துவிட்டார். ஒரு முறைகூட அடைக்கவில்லை.

ஆனால் போகிற இடமெல்லாம் சொன்னார். டீக்கடையில் சொன்னார், களத்தில் சொன்னார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். உருண்டை ஒன்றை மடியிலேயே வைத்திருந்து எடுத்துக் காட்டினார். "எந் தம்பி மகளோட வெவரத்தப் பாருங்க." பெருமையாகத்தான் சொன்னார். அவர் என்னைக் கெடுக்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது.

4

அந்த வருடம் மூன்று இடம் வந்தது. ஓடைப்பட்டி, போடி, கம்பம். மூன்று இடத்திலும் ஒரே பேச்சு. பிள்ளை லட்சணமாக இருக்கிறது, வேலை செய்யும், எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் வெவரமாமே. போடிக்காரர்கள் மட்டும் நேரில் கேட்டார்கள். "நண்டு வளைக்காரி இந்தப் பிள்ளைதானா?" நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நாலாவது வந்தது மலேசியா. மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர். லாரி ஓட்டுகிறார். அவருடைய அத்தை, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சின்னமனூர் வந்தபோது என்னைப் பார்த்தார். என் கதையும் அவர் காதுக்குப் போனது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா, "எங்க ஊருல வந்து சமாளிக்கணும்னா இப்படிப்பட்ட பொண்ணுதான் வேணும்" என்றார். ஒரு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்தவர்களில் பெரியப்பாவும் இருந்தார். அவர் மட்டும் வெவரமா இருந்துக்க என்று சொல்லவில்லை. "ஆத்தா, அங்கன தண்ணி எப்படின்னு எழுதிப் போடு" என்றார்.

எழுதிப் போடவில்லை. நான் வந்த இரண்டாம் வருடம் அவர் இறந்துவிட்டார்.

இப்போது எழுதுகிறேன். இங்கே தண்ணீருக்குச் சண்டை கிடையாது. வருடம் முழுவதும் மழை. மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும். ஒரு மணி நேரம் ஊற்றும். வீட்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை இருக்கிறது, லோங்காங் என்பார்கள். எல்லாத் தண்ணீரும் அதில் இறங்கி ஓடிவிடும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பதிமூன்று வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் எனக்குப் பழகவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் பின்வாசலில் போய் நிற்பேன். இவ்வளவு தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாமல் போகிறதே என்று வயிறு எரியும்.

ஆடிக் காற்றும் இங்கே இல்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கி, கதவைப் படார் படார் என்று அடிக்குமே, அது. இங்கே இலை அசையாது. வந்த முதல் ஆடியில் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. கிளினிக்குக்குக்கூடப் போனேன். காதில் ஒன்றுமில்லை என்றார்கள்.

5

எனக்கு இந்த நாட்டில் இருக்க ஒரு பாஸ் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டுவார்கள். ஒரு வருடம் செல்லும். வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பப் பாரம், போட்டோ, நகல் எல்லாம் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புருஷன் நேரில் வர வேண்டும். அவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்.

மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்று பெயர். "சுவாமி மானா?" என்று கேட்பார்கள். புருஷன் எங்கே என்று அர்த்தம். முதல் வருடம் நான் கோயிலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையைக் காட்டினேன்.

நிரந்தரமாக இருக்கச் சிவப்பு அட்டை உண்டு. இரண்டு முறை எழுதிப் போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு முறையும் கடிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாசில் வேலை செய்யக்கூடாது என்று எழுதியிருக்கும். இட்லி மாவு ஆட்டுவது வேலை இல்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். காலை ஐந்து மணிக்கு கிரைண்டர் போடுவேன். ஏழு மணிக்கு மாவு எல்லாம் போய்விடும். அதற்குள் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பெயர் ஷாலினி. அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். ஒன்பது, ஆறு. பையன்கள் தங்களுக்குள் மலாயில் சண்டை போடுவார்கள். நான் வந்தால் தமிழில் நிறுத்துவார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு வீட்டுக்காரர் ஜோகூரில் வேலை கிடைத்துப் போனார். தெற்கே, பஸ்ஸில் ஏழு மணி நேரம். அங்கேயே வீடு வைத்துக்கொண்டார். கலா என்று ஒரு பெண். நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதை அண்ணனுக்கு நான் சொன்னதில்லை. அவர் வாசிக்கிற ஆள் இல்லை. வாசிக்கிறவர்கள் சொல்லிவிடுவீர்கள். சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் பாசுக்காக வருவார். அன்றைக்கு நான் மீன் குழம்பு வைப்பேன். இரண்டு பேரும் ஜோடியாகப் போய் வரிசையில் நிற்போம். அதிகாரி முன்னால் அவர் என் பையை வாங்கி வைத்துக்கொள்வார். அன்றைக்கு ஒரு நாள் நாங்கள் புருஷன் பொண்டாட்டி.

பக்கத்து வீட்டு அக்கா சண்டை போடச் சொன்னார், கேஸ் போடச் சொன்னார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வருடம் வரமாட்டார். அவர் வராவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் நான் ஊருக்குப் போக வேண்டும். பிள்ளைகள் இந்த நாட்டுப் பிள்ளைகள். அவர் சம்மதம் இல்லாமல் கூட்டிப்போக முடியாது. கூட்டிப்போனாலும் என்ன செய்வார்கள்? என் ஊரை மூன்று பேரும் "உங்க ஊரு" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு எங்க ஊரு என்றால் இது.

வாயை மூடிக்கொண்டு மீன் குழம்பு வைப்பது. என் வெவரம் அவ்வளவுதான் மிச்சம்.

6

இந்த வருடம் பாஸ் முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று வாரம் முன்பே அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தினம் செய்தேன். பிறகு போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

புதன்கிழமை நான் தனியாகவே போனேன். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. தலையில் முக்காடு. கல்யாணச் சான்றிதழிலிருந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதே ஒழுங்கில் அடுக்கி என் பக்கம் தள்ளினாள். மலாயில் மெதுவாகச் சொன்னாள். உங்கள் புருஷன் வர வேண்டும் அக்கா. நாளை, இல்லாவிட்டால் வெள்ளி. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்த ஷாலினி மேஜையில் இருந்த ஃபைலைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினாள். வைத்தாள். அப்புறம் தோழியிடம் வீட்டுப்பாடம் கேட்க வேண்டும் என்று என் போனை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். பத்து நிமிடம் பேசியிருப்பாள். மழை சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை மாவு எல்லாம் கொடுத்து முடித்து, சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அவர் வரவேண்டாம் என்று நினைத்தேன். வராவிட்டால் என் மேல் குற்றம் இல்லை. நானாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கார் அனுப்பியது, வந்தேன். விமானம் ஏறினால் மறுநாள் மதுரை. அங்கிருந்து தேனி பஸ். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கும்போது காற்று மாறும். வீரபாண்டி தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சை. அண்ணன் வீட்டில் மாடிக்கு ஏறுகிற படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. அதில் இருந்துகொள்வேன். வயலில் வேலை இருக்கும். யாரும் சுவாமி எங்கே என்று கேட்கமாட்டார்கள். கேட்டால்தான் என்ன?

இதெல்லாம் ஒரு சட்டி கழுவுகிற நேரம்தான். அந்த நேரத்தில் மூன்று பிள்ளைகளும் என் நினைப்பில் இல்லை. அதுதான் உண்மை.

வாசல் கேட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே அவர் அடையாள அட்டை நகல் மூன்று, சம்பளக் கடிதம் மூன்று, போட்டோ. ஒவ்வொன்றும் கிளிப் போட்டு. இத்தனை வருடத்தில் அவர் ஒரு நகல் எடுத்து வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் போய்த்தான் எடுப்போம். இது அவர் வேலை இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மீன் குழம்பு வைக்க நேரமில்லை. கிளம்பினோம்.

நம்பர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். நான் போன் ஏன் அணைந்திருந்தது என்று கேட்கவில்லை. பிறகு அவராகச் சொன்னார்.

"உன் மக நேத்து கலாவுக்குப் போன் அடிச்சிருக்கா."

நான் அவரைப் பார்த்தேன்.

"என்னை வரச் சொல்லிக் கேக்கல. அழவும் இல்ல. சித்தி, எங்க அம்மாவ வெள்ளிக்கிழமை இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க, அதுக்கப்புறம் நாங்க மூணு பேரும் அப்பாகிட்டதான் வந்து இருக்கணும், உங்க வீட்டுல எத்தன ரூமுன்னு கேட்டிருக்கா."

அவர் முகத்தில் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சின்னவன் இன்னும் படுக்கையிலதான் ஒண்ணுக்குப் போறான், பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி வைங்க சித்தின்னாளாம். கலா நேத்தே பஸ் டிக்கெட் எடுத்துட்டா. நான் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நகல் எல்லாம் எடுத்துட்டு வந்துட்டா."

எங்கள் நம்பர் வந்தது. அதே மலாய்ப் பெண். என்னைப் பார்த்து, அவரைப் பார்த்து, சிரித்தாள். அவர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் பாஸ் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்தே அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

7

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஷாலினி எதிரில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டை அவள் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தாள். மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

தம்பி படுக்கையில் போவது நின்று ஒரு வருடம் ஆகிறதே என்றேன்.

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல மா."

நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் போனிலேயே இருக்கிறது என்றாள். மாலதி டீச்சர் என்று போட்டிருக்கிறாளாம். இரண்டு வருடமாக. போனில் பெயர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மாலதி டீச்சரை நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

அவர்களோடு என்ன பேசுவாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. பசியாறிட்டியான்னு கேப்பாங்க. தம்பிங்க எப்படி இருக்காங்கன்னு கேப்பாங்க. அவங்களுக்குப் பிள்ளைங்க இல்ல மா."

உரிக்க வேண்டிய வெங்காயம் இன்னும் இருந்தது. உரித்து முடித்தேன். இரண்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறாள். அடிக்க வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று தெரியவில்லை.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்பா வரலன்னா நீங்க போயிருப்பீங்க தானே?"

"போகச் சொன்னா போகத்தானே வேணும்."

"அது இல்ல மா. அழாம போயிருப்பீங்க. நேத்து நான் ஸ்கூல் விட்டு வந்தப்ப உங்க மூஞ்சியப் பார்த்தேன். அதான் போன் பண்ணேன்."

நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாள். அவளுக்குத் தோசை ஊற்றினேன். நெய் விட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி மொறுமொறு என்று. நாலு தோசை சாப்பிட்டாள். சாப்பிட்டு என் மடியில் தலை வைத்துக்கொண்டு பாடம் படித்தாள். பெரிய பிள்ளை ஆனபிறகு அப்படிப் படுத்ததில்லை.

மறுநாள் மூவரும் பள்ளிக்குப் போனபிறகு மாலதி டீச்சரை எழுத்துக் கூட்டி எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஷாலினி, பசியாறிட்டியா?" என்றாள்.

ஷாலினியின் அம்மா என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

பாஸ் கிடைத்துவிட்டது என்றேன். தெரியும், அவர் வந்து சொன்னார் என்றாள். நகல் எல்லாம் சரியாக இருந்தது என்றேன். சரி என்றாள். மூன்று வாரம் அவர் போன் கிடைக்காததைச் சொன்னேன். அவளாகவே, நான்தான் வாங்கி வைத்திருந்தேன் என்றாள். நீங்கள் போய்விட்டால் அவர் முழுக்க இங்கேயே இருப்பார் என்று நினைத்தேன், பிள்ளைகளை நினைக்கவில்லை என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான் ஒரு சட்டி கழுவுகிற நேரம் பிள்ளைகளை நினைக்கவில்லை.

நான் வைக்கப் போகும்போது அவள் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு உங்க ஊருக்கே போயிரணும்னு தோணாதா?"

பதிமூன்று வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டதில்லை. அண்ணன் கேட்டதில்லை. கட்டியவர் கேட்டதில்லை. மகள் நேற்றுக் கேட்டாள், அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

"தோணும்" என்றேன். "தெனமும் தோணும்."

எதையோ தேடுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த வருஷம் பாஸ் என்னைக்கு முடியுது?" என்றாள்.

பாஸ்போர்ட்டைத் திறந்து, ஒட்டியிருந்த தேதியை வாசித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். சரியாக எழுதியிருக்கிறாளா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.